கோகிலவாணி கேட்ட கொத்துக்கறி

ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், காலை ஒன்பது மணி இருக்கும், கோகிலவாணி தன் கணவரைப் பார்த்து, "சார், அண்ணன் கறி வாங்கியாரேன்னு போச்சே, வந்துடுச்சா?" என்று கேட்டாள்.

சத்யநாராயணன் இட்லித் தட்டோடு நின்றுகொண்டிருந்தார். அவள் அவரைச் சார் என்று கூப்பிட ஆரம்பித்து நாலு மாதம் ஆகியிருந்தது. அது பழகிவிட்டது. கறி என்றதும் அவருக்குச் சமையலறையில் நறுக்கி வைத்திருந்த கத்தரிக்காய்தான் ஞாபகம் வந்தது. அவர் பிறந்த வீட்டில் கறி என்றால் காய்கறிப் பொரியல்தான்.

"மத்தியானத்துக்குக் கத்தரிக்காய்க் கறி பண்றேன், கோகிலா. இப்ப இட்லி சாப்பிடு."

ஒன்றும் தெரியாத ஆளிடம் பேசுகிற பொறுமையோடு அவள் அவரைப் பார்த்தாள். "கொத்துக்கறி சார்" என்றாள். "ஞாயித்துக்கெயம இல்ல?"

கல்யாணமாகி முப்பத்தாறு வருடத்தில் அந்த வார்த்தையை அவர் அவள் வாயிலிருந்து கேட்டதில்லை. அன்றைக்கு அவள் இட்லியைத் தொடவில்லை.

பல்லாவரம் பக்கத்தில் பம்பு செய்கிற தொழிற்சாலை ஒன்றில் அவர் இயந்திரப் படம் வரைகிற டிராஃப்ட்ஸ்மேனாக இருந்தவர். கோகிலவாணி அங்கே டெலிபோன் ஆபரேட்டர். முடிச்சூரில் நாலு ஏக்கர் நெல் பயிரிட்ட வீட்டுப் பெண். தாம்பரத்தில் டைப்ரைட்டிங் படித்து, அந்தக் குடும்பத்திலிருந்து ஆபீஸ் வேலைக்குப் போன முதல் ஆள். உள் எண்களை இணைக்கும்போது அவள் சொல்கிற "ஒன் மினிட் ப்ளீஸ்" என்பதைக் கேட்பதற்காகவே சத்யநாராயணன் ஒரு நாளைக்கு மூன்று முறை ஸ்டோருக்குப் போன் பண்ணுவார். இரண்டு வருடம் இப்படியே போனது. எண்பத்தெட்டில் தாம்பரம் ரிஜிஸ்டர் ஆபீசில் கல்யாணம் செய்துகொண்டார்கள். இரண்டு வீட்டிலிருந்தும் ஒருவரும் வரவில்லை. அங்கிருந்து பஸ் பிடித்துக் குன்றத்தூர் மலைக்குப் போனார்கள். சாமி கும்பிட்டுவிட்டுப் படி இறங்கும்போது அவள், "இனிமே நான் கவுச்சி சாப்பிடப் போறதில்லைங்க" என்றாள்.

"சரி" என்றார் அவர்.

அவ்வளவுதான் பேச்சு. அதற்கப்புறம் அந்த விஷயத்தை இருவரும் எடுக்கவே இல்லை.

ஒரு வருடம் கழித்து அவர் அம்மா ஞானாம்பாள் மனசு இறங்கி வந்து சேர்ந்தாள். ஆரம்பத்தில் மருமகள் கையால் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்க மாட்டாள். கோகிலவாணி அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மோர்க்குழம்பு, மைசூர் ரசம், சேனை மசியல் என்று ஒவ்வொன்றாகக் கற்றுக்கொண்டாள். கடைசி நாலு வருடம் ஞானாம்பாள் படுக்கையில் கிடந்தபோது இந்த மருமகள் ஊட்டினால்தான் வாய் திறந்தாள். முடிச்சூர்க்காரர்கள் பழையபடி பேச ஆரம்பித்தது மகள் சின்மயி பிறந்த பிறகு. நன்றாக ஒட்டிக்கொண்டது இரண்டாயிரத்துப் பதினைந்து வெள்ளத்தில்தான். முடிச்சூரில் மாடி வரை தண்ணீர் வந்தபோது அவள் அண்ணன் சம்பத்தும் அவர் மனைவி சாவித்ரியும் எட்டு நாள் இரும்புலியூரில் இவர்கள் வீட்டில் தங்கினார்கள்.

மாமியார் மாம்பலத்தில் மூத்த பிள்ளை வீட்டுக்குப் போகும் நாட்களில் கோகிலவாணி ஒன்று செய்வாள். மீல் மேக்கர் என்கிற சோயா உருண்டையை வெந்நீரில் ஊறப்போட்டு, பிழிந்து, மிக்சியில் ஒரே ஒரு சுற்று சுற்றி உதிர்த்து, சோம்பும் பட்டையும் சின்ன வெங்காயமும் போட்டுச் சுருள வதக்குவாள். வீட்டின் வாசனையே மாறிவிடும். சத்யநாராயணன் இரண்டு கரண்டி போட்டுக்கொண்டு, "நன்னா இருக்கே" என்பார். அவள் பேசாமல் சாப்பிடுவாள். தட்டை வழித்து விரலைச் சப்புவாள். மற்ற நாட்களில் அவள் அப்படிச் சாப்பிட்டு அவர் பார்த்ததில்லை. அதையும் அப்போது அவர் கவனிக்கவில்லை. இப்போதுதான் நினைத்துப் பார்க்கிறார்.

ஐம்பத்தெட்டு வயதில் அவளுக்கு மறதி வந்தது. முதலில் அடுப்பை அணைக்க மறந்தாள். பிறகு முடிச்சூர் போன பஸ்ஸில் இறங்க வேண்டிய இடத்தை. ஒரு மாலை ஜி.எஸ்.டி. ரோட்டில் மேம்பாலத்துக்குக் கீழே நின்றுகொண்டு, வருகிற போகிறவர்களிடம் ஆபீஸ் பஸ் போய்விட்டதா என்று கேட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்துத் தெரு மோகன்ராஜ் பார்த்து ஆட்டோவில் கூட்டிவந்தார். மருந்து இதன் வேகத்தைக் குறைக்கும், நிறுத்தாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கன்னடபாளையத்திலிருந்து கிறிஸ்டினா என்ற பெண் காலை எட்டிலிருந்து மாலை ஆறு வரை பார்த்துக்கொள்ள வந்தாள். முப்பத்தைந்து வயது, ஆஸ்பத்திரியில் ஆயாவாக வேலை பார்த்த அனுபவம் உண்டு. பேச்சில் ஒளிவுமறைவு கிடையாது.

அந்த ஆடி மாதத்துக்குப் பிறகு கோகிலவாணி சாப்பாட்டைத் தள்ள ஆரம்பித்தாள். சாம்பார் சாதத்தைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். தயிர் சாதத்தை வாயில் வாங்கிக் கன்னத்தில் அடக்கிவைத்து, பிறகு துப்புவாள். "இது இன்னா நோன்பா?" என்பாள். "அம்மாவக் கூப்புடு. கறி எங்கன்னு கேளு." அவள் அம்மா பொன்னியம்மாள் செத்துப் பதினோரு வருடம்.

ஐம்பத்தாறு கிலோ இருந்தவள் கார்த்திகைக்குள் நாற்பத்தாறுக்கு வந்தாள். "எது பிடிக்குதோ அதைக் குடுங்க" என்றார் டாக்டர். "புரோட்டீன் வேணும். உடம்பு கரையுது."

வீட்டுக்கு வந்ததும் கிறிஸ்டினா கேட்டாள். "சார், நான் ஒண்ணு சொல்லட்டா? கால் கிலோ கொத்துக்கறி வாங்கியாரேன். என் வூட்லயே செஞ்சு டப்பால எடுத்துகினு வரேன். உங்க அடுப்புல ஏத்த வேணாம்."

"வேண்டாம்மா."

"அக்கா கேக்குது சார்."

"அவ சுயநினைவோட கேக்கலையே. நினைவு இருந்தப்போ முப்பத்தஞ்சு வருஷம் வேண்டாம்னு இருந்தவ. நாளைக்கு ஒரு வேளை தெளிஞ்சு, என்ன குடுத்தேள்னு கேட்டா நான் என்ன சொல்லுவேன்?"

தெளியாது என்று கிறிஸ்டினாவுக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். அவள் துணி துவைக்கப் போய்விட்டாள்.

மறுநாள் அவர் தாம்பரம் மார்க்கெட்டுக்குப் போய், மளிகைக் கடையில் சோயா கீமா என்று ஒரு பாக்கெட் வாங்கினார். மரத்தூள் மாதிரி காய்ந்து பொடிப்பொடியாக இருந்தது. "தண்ணில போட்டா அப்படியே கொத்துக்கறி மாதிரி வந்துடும் சார். சாப்புட்டா வித்தியாசமே தெரியாது" என்றான் கடைக்காரன். வித்தியாசம் தெரியுமா தெரியாதா என்று சொல்லுகிற தகுதி தனக்கு இல்லை என்று அவருக்குப் பட்டது. அறுபத்தாறு வயது வரை அவர் ஒரு முட்டைகூட சாப்பிட்டதில்லை.

சமையல் அவருக்கு இரண்டு வருடத்துப் பழக்கம்தான். ரசம், சாம்பார், இரண்டு பொரியல். பூண்டு உரித்தது அதுவே முதல் தடவை. நகத்துக்கடியில் எரிந்தது. புனேயில் வேலை பார்க்கிற சின்மயி வீடியோக்கள் அனுப்பியிருந்தாள். பேனாவும் நோட்டுமாக உட்கார்ந்து, படம் வரைகிறவருக்கே உரிய சின்னச் சின்ன எழுத்தில் அளவுகளை எழுதிக்கொண்டார். கொதிக்கிற வெந்நீரில் உப்புப் போட்டுப் பத்து நிமிடம். மூன்று முறை அலசல். அப்படியும் ஒரு பச்சை வாடை போகவில்லை. மிளகாய்த்தூளும் மசாலாவும் போட்டு இறக்கினார். பார்வைக்குக் கருப்பாக, சுருண்டு, ஏதோ மாதிரி இருந்தது.

சூடான சாதத்தில் பிசைந்து கொண்டுபோனபோது கோகிலவாணி நிமிர்ந்து உட்கார்ந்தாள். மூக்கு விரிந்தது. முதல் வாயை மென்றாள். இரண்டாவது வாயையும் வாங்கினாள். கிறிஸ்டினா அறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது கறி இல்ல" என்றாள் கோகிலவாணி.

"கறிதான் கோகிலா."

"சும்மா சொல்லாத சார்." அவள் குரலில் கோபம் இல்லை. "எலும்புச் சாறு எங்க? கொழுப்பு எங்க? சக்கைய வெச்சுகினு கறின்ற."

தன் மனைவியிடம் அவர் சொன்ன பொய் அரை நிமிடம்கூட நிற்கவில்லை. அந்தச் சாதத்தை அவரே சாப்பிட்டார்.

பிறகு ஒரு மாதம் அந்த ஒரே சமையல்தான். காளானைப் பொடியாக நறுக்கிச் சேர்த்துப் பார்த்தார். கொழுப்புக்காக முந்திரி அரைத்து ஊற்றினார். தேங்காயைப் பல்லுப் பல்லாகக் கீறிப் போட்டார். பொட்டுக்கடலை மாவு சேர்த்து உருட்டிக் கோலா உருண்டை பொரித்தார். பாதி எண்ணெயில் பிரிந்து போனது. ஒவ்வொரு முறையும் அவள் ஆசையாக நிமிர்ந்தாள். ஒவ்வொரு முறையும் இரண்டாவது மூன்றாவது வாயில் நிறுத்திக்கொண்டாள். முந்தின நாள் ஏமாந்தது அவளுக்கு ஞாபகம் இருக்காது. அதனால் ஒவ்வொரு நாளும் அவள் புதிதாக ஏமாந்தாள்.

ஒரு நாள் காலையில் ஊறின சோயாவை வடிகட்டியில் வைத்துவிட்டுப் போன் பேசப் போனவர் திரும்பி வந்தபோது, அவள் சமையலறையில் நின்று அதைப் பிழிந்துகொண்டிருந்தாள். இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து, ஒரு சொட்டுத் தண்ணீர் மிச்சமில்லாமல். பிழிந்ததை உதறிப் பாத்திரத்தில் போட்டு, அடுத்த பிடியை எடுத்தாள். அவர் இத்தனை நாளாக அதைக் கரண்டியால் அழுத்திக்கொண்டிருந்தார்.

"கோகிலா, நீ பண்ணுவியே, அப்புறம் என்ன போடுவே? சோம்பை வறுப்பியா, அப்படியே போடுவியா?"

அவள் தன் கைகளைப் பார்த்தாள். ஏதோ சொல்ல வந்தவள் போல வாய் அசைந்தது. பிறகு பிழிந்த சோயாவை அப்படியே வாயில் போடப் போனாள். கிறிஸ்டினா ஓடிவந்து கையைப் பிடித்தாள்.

அன்றைக்குச் சமைத்தது நன்றாக வந்தது. பச்சை வாடை இல்லை. எட்டு வாய் சாப்பிட்டாள். அவர் உடனே சின்மயிக்குப் போன் பண்ணி, "உங்கம்மா எட்டு வாய் சாப்பிட்டா" என்றார். மறுநாள் அதே அளவு, அதே சூடு, அதே தட்டு. முதல் வாயையே துப்பிவிட்டாள். துப்பினது அவர் சட்டையில் விழுந்தது.

தை மாதத்தில் சம்பத் பார்க்க வந்தார். எழுபது வயது, நெற்றி நிறைய விபூதி, முடிச்சூரில் மனை வாங்கி விற்கிறவர். தங்கையின் கையைப் பிடித்துப் பார்த்தார். வளையல் முழங்கை வரை போனது.

"இன்னா மாப்ளே இது, எலும்பா கீறா."

"எதுவும் சாப்பிட மாட்டேங்கறா மச்சான்."

"சார் தெனம் சோயால கொத்துக்கறி செய்றாரு" என்று கிறிஸ்டினா உள்ளேயிருந்து சொன்னாள். "அக்கா கண்டுபுட்ச்சிடுது."

சம்பத் சிரிக்கவில்லை. "எங்க வூட்டுக்கு வந்தா இது எப்டி இருக்கும் தெரியுமா? நீங்க திண்ணுங்க, நான் பாக்கறேன்னு பக்கத்துல குந்திக்கும். மூக்கப் பொத்திக்கினு போவாது. எங்கம்மா ஒரு தட்டுல எட்து வெச்சி, திண்ணுடி, யாரு போய் சொல்லப் போறாங்கன்னும். இது நகுத்தி வெச்சிடும். ஒரு வாட்டி நானே கேட்டேன், மாப்ள வேணான்னாரான்னு."

"என்ன சொன்னா?"

"வேணாம்னும் சொல்லல, திண்ணுன்னும் சொல்லலன்னுச்சு."

சத்யநாராயணன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். குன்றத்தூர்ப் படியில் அவர் சொன்ன ஒரு "சரி" அவருக்குக் கேட்டது. அதற்கு மேல் ஒரு வார்த்தை சேர்த்திருந்தால் ஒன்றும் குறைந்து போயிருக்காது. அவள் வேண்டாம் என்றே சொல்லியிருக்கலாம். ஆனால் கேட்டிருக்கலாம். முப்பத்தாறு வருடத்தில் ஒரு நாள் கேட்டிருக்கலாம்.

"ஞாயித்துக்கிழமை கறி எடுத்துண்டு வாங்கோ மச்சான்" என்றார். "சாவித்ரி மன்னி பண்ணட்டும்."

"உனக்கு ஒண்ணும் இல்லயே?"

"எடுத்துண்டு வாங்கோ."

அந்த ஞாயிற்றுக்கிழமை சாவித்ரி அனுப்பிய டிபன் கேரியரைச் சம்பத் கூடத்தில் திறந்தபோது சத்யநாராயணன் எழுந்து போகக் கூடாது என்று நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கோகிலவாணி சாப்பிட்டாள். ஊட்ட வேண்டியிருக்கவில்லை. அவளே பிசைந்து, உருட்டி, வாயில் போட்டுக்கொண்டாள். விரலைச் சப்பினாள். பாதியில் நிறுத்தி, "அண்ணா, அம்மா துண்ணுச்சா?" என்று கேட்டாள். "துண்ணுச்சு, நீ துண்ணு" என்றார் சம்பத். பிறகு அவள் சத்யநாராயணன் பக்கம் கை காட்டினாள்.

"அவருக்கு வெச்சிடாதண்ணா. அவரு சாப்ட மாட்டாரு."

கணவர் என்று தெரிந்து சொன்னாளா, நாற்காலியில் இருக்கிற யாரோ ஒரு ஐயர் என்று சொன்னாளா என்று அவருக்குத் தெரியவில்லை. கேட்டாலும் பதில் வராது.

ஆறு ஞாயிற்றுக்கிழமைகள் அப்படிப் போயின. அந்த ஒரு நாள் மட்டும் சாப்பிடுவாள். மற்ற ஆறு நாளும் பழையபடிதான். எடை ஏறவில்லை. இறங்குவது மெதுவானது, அவ்வளவுதான். தினமும் செய்து அனுப்புவதாகச் சாவித்ரி சொன்னாள். அவர் வேண்டாம் என்றார். ஏன் வேண்டாம் என்றார் என்பதை அவர் பிறகு பலமுறை யோசித்திருக்கிறார். தன் கையால் சமைத்ததை அவள் சாப்பிட வேண்டும் என்கிற ஆசைதான். வேறு காரணம் ஒன்றும் இல்லை.

ஏழாவது வாரம் திங்கட்கிழமை, முந்தின நாள் மிஞ்சிய கறிக்குழம்பு ஒரு சின்னக் கிண்ணத்தில் ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் இருந்தது. கிறிஸ்டினா மூடி வைத்திருந்தாள். அவர் அதை எடுத்து அடுப்பில் வைத்தார். அவர் கையால் அடுப்பில் ஏறிய முதல் கறிச்சாறு அது. மூச்சைப் பிடித்துக்கொண்டு, பிழிந்து வதக்கிய சோயாவை அதில் போட்டுக் கிளறினார். சுண்டியதும் சாதத்தில் பிசைந்து எடுத்துப்போனார்.

முதல் வாயை வாங்கியதுமே அவள் கண் அகன்றது. வாயைத் திறந்தாள். இன்னொரு வாய் கொடுத்தார். மென்று முடிக்கும் முன்பே திறந்தாள். கொடுத்தார். "கறி வந்துடுச்சா" என்றாள். "வந்துடுத்து கோகிலா" என்றார். பொய் மாதிரி இல்லை. இன்னொரு வாய், இன்னொரு வாய். விழுங்கினாளா என்று அவர் பார்க்கவில்லை.

திடீரென்று அவள் இருமினாள். பிறகு இருமல் சத்தமும் வரவில்லை. முகம் சிவந்து, உதடு கறுத்தது. மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த கிறிஸ்டினா அவர் குரல் கேட்டு இறங்கி வந்தாள். கோகிலவாணியை முன்னால் குனியவைத்து முதுகில் ஓங்கித் தட்டினாள். வாய்க்குள் விரலை விட்டு வழித்தாள். உதிரியாக, பொடிப்பொடியாகச் சோயா வந்து விழுந்தது. நாலாவது அடியில் மூச்சு திரும்பியது.

"இவ்ளோ வேகமா யாரு சார் ஊட்டச் சொன்னது" என்றாள் கிறிஸ்டினா.

புதன்கிழமை காய்ச்சல் வந்தது. குரோம்பேட்டையில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். வலது நுரையீரலில் சாப்பாடு இறங்கிச் சளி கட்டியிருந்தது. என்ன கொடுத்தீர்கள் என்று டாக்டர் கேட்டார். சோயா என்றார் சத்யநாராயணன்.

"இந்த நோய்ல முழுங்கறதே மறந்து போகும் சார். தூளா உதிர்ற எதையும் குடுக்கக் கூடாது. தண்ணி குடிக்கறப்போ கொஞ்ச நாளா இருமியிருப்பாங்களே?"

இருமியிருந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளிலும் இருமியிருந்தாள். தை, மாசிப் பனி ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்துத் துளசி போட்டு வெந்நீர் கொடுத்திருந்தார்.

சம்பத் வராந்தாவில் அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "எங்க கொயம்புதான மாப்ளே?"

"குழம்புல ஒண்ணும் இல்ல மச்சான். நான் அவசரப்பட்டுட்டேன்."

"வுடு."

"அவ திறந்துண்டே இருந்தா. நானும் குடுத்துண்டே இருந்தேன்."

சம்பத் அவர் தொடையில் கையை வைத்தார். நர்ஸ் வந்து மருந்துச் சீட்டைக் கொடுத்துவிட்டுப் போனாள்.

புனேயிலிருந்து சின்மயி வந்து ஒன்பது நாள் இருந்தாள். மூக்கு வழியாக டியூப் போட்ட அன்று அப்பாவும் மகளும் ஆஸ்பத்திரி கேண்டீனில் டீ வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

"அப்பா, உன்கிட்ட சொன்னதில்ல. நான் ஹாஸ்டல்ல இருந்தப்பவே நான்வெஜ் சாப்பிட ஆரம்பிச்சிட்டேன்."

அவர் தலையசைத்தார். அந்த நாளில் அதுவும் ஒரு விஷயமாகத் தோன்றவில்லை.

"அம்மாவுக்குத் தெரியும். திட்டல. ஒரே ஒரு கேள்விதான் கேட்டா. எலும்போடயா, கொத்தினதான்னு. கொத்தினதுன்னேன். எப்படி இருந்துதுன்னா. நல்லா இருந்துதும்மான்னேன். அப்பாகிட்ட சொல்லாதன்னுட்டுப் போய்ட்டா." சின்மயி டம்ளரைக் கீழே வைத்தாள். "உனக்குக் கஷ்டமா இருக்கும்னு சொல்லாம இருந்தேன்ப்பா. சொல்லியிருக்கணும்."

"சொல்லியிருந்தா நான் என்ன பண்ணியிருப்பேன்" என்றார் அவர். அது கேள்வியில்லை. தெரிந்திருந்தாலும் இன்னொரு முறை சரி என்று சொல்லிவிட்டுப் பேப்பர் படிக்கப் போயிருப்பார். அது அவருக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

ஹோமில் சேர்த்துவிடலாம் என்று சின்மயி சொன்னாள். மேடவாக்கம் பக்கம் நல்ல இடம் ஒன்றை விசாரித்தும் வைத்திருந்தாள். அவர் முடியாது என்றார். அவள் வற்புறுத்தவில்லை. லீவு முடிந்து புனேவுக்குத் திரும்பிவிட்டாள்.

பதினொரு நாள் கழித்துக் கோகிலவாணி வீட்டுக்கு வந்தாள். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் சத்துப் பவுடரை இளஞ்சூட்டுத் தண்ணீரில் கரைத்து இருநூறு மில்லி, சிரிஞ்சில் ஊற்றி, டியூப் வழியாக மெல்ல இறக்க வேண்டும். வெள்ளை நிறம், வெனிலா வாசனை. நாக்கில் ஒரு சொட்டும் படாது. கிறிஸ்டினா கற்றுக்கொடுத்தாள், அவர் கற்றுக்கொண்டார். அதில் அவசரப்பட வழியில்லை. அதன் வேகத்தில்தான் இறங்கும். டியூப்பைப் பிடுங்கிவிடாமல் இருக்க அவள் கைகளுக்குத் துணி உறை மாட்டியிருந்தார்கள். அவள் பேச்சு ஏறக்குறைய நின்றுவிட்டது. எடை மட்டும் ஒன்றரைக் கிலோ ஏறியது. டாக்டர் நல்ல முன்னேற்றம் என்றார்.

பங்குனியில் ஒரு நாள் அவர் தனக்காக உருளைக்கிழங்கு வதக்கலாம் என்று வெங்காயத்தையும் சோம்பையும் தாளித்தார். உள்ளறையிலிருந்து கிறிஸ்டினா, "சார், இங்க வாங்க" என்று கூப்பிட்டாள். போய்ப் பார்த்தார். கோகிலவாணி தலையைச் சமையலறைப் பக்கம் திருப்பி, வாயை அகலமாகத் திறந்து வைத்திருந்தாள். பார்வை எங்கேயோ இருந்தது. வாய் மட்டும் திறந்து காத்திருந்தது. டியூப் கன்னத்தில் ஒட்டியபடி அசைந்தது.

"கோகிலா, மூடிக்கோ" என்றார். "அப்புறம் தரேன்."

அவள் மூடவில்லை. அவர் போய் அடுப்பை அணைத்தார். வாணலியைத் தண்ணீருக்கடியில் வைத்தார். வாசனை போக அரை மணி நேரம் ஆனது. அதுவரை அவர் கட்டில் பக்கத்தில் நின்றுகொண்டு, அவள் தாடையைத் தடவிக்கொண்டிருந்தார்.

"ஒரு சொட்டு ரசம் நாக்குல தடவலாமா?" என்று கிறிஸ்டினாவிடம் கேட்டார்.

"வேணாம் சார். மறுபடி ஆஸ்பத்திரிதான்."

அதோடு அந்த வீட்டில் தாளிப்பது நின்றது. வெங்காயம், பூண்டு, சோம்பு, பெருங்காயம் ஒன்றும் அடுப்பில் ஏறுவதில்லை. குக்கரில் சாதம் வைத்து, மோர் ஊற்றி உப்புப் போட்டுச் சாப்பிடுகிறார். மிச்சமிருந்த சோயாப் பாக்கெட்டுகளைக் கிறிஸ்டினா எடுத்துப் போனாள். அவள் தன் மத்தியானச் சாப்பாட்டை மொட்டை மாடிக்குக் கொண்டுபோய்ச் சாப்பிட்டுவிட்டு, கை கழுவி, பல் விளக்கிவிட்டு இறங்கி வருகிறாள்.

சம்பத் கொஞ்ச நாள் ஞாயிற்றுக்கிழமைதோறும் வெறுங்கையோடு வந்தார். தங்கை பக்கத்தில் உட்காருவார், வெளியே வந்து கண்ணைத் துடைத்துக்கொள்வார். பிறகு மாதத்துக்கு ஒரு முறை என்றானது. "பாக்க முடியல மாப்ளே" என்றார். சத்யநாராயணன், "வராட்டாப் பரவாயில்ல மச்சான்" என்றார். அவர் அதை நிஜமாகவே சொன்னார்.

இங்கே தாளிப்பது நின்றாலும் பக்கத்து வீட்டு ஜன்னல் நாலடி தள்ளித்தான் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு அங்கே கறி வேகும். போய்ச் சொன்னால் அவர்கள் நிறுத்தக்கூடச் செய்வார்கள், நல்ல மனிதர்கள். ஆனால் என்னவென்று சொல்வது? அவர் எழுந்து போய் ஜன்னலைச் சாத்துவார். இடுக்கில் ஈரத்துண்டைச் செருகுவார். அதற்குள் அவள் தலை அந்தப் பக்கம் திரும்பியிருக்கும், வாய் திறந்திருக்கும். அது தானாக மூடிக்கொள்கிற வரை அவர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். சில நாள் அதற்கு வெகு நேரம் ஆகும்.